என் முழங்காலில் நீ ஊன்றிய கை

மகன்,

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு கதைப்போம். உன் கல்யாணத்தன்று காலையில், கோயிலுக்குப் புறப்படமுன், நீ என் முன்னால் முழந்தாளிட்டு ஆசீர்வாதம் வாங்கினாயே, அந்த இடத்தைக் கமராக்காரர் தனியே வெட்டி, பின்னால் வயலினும் போட்டு அனுப்பியிருக்கிறார். அதில் நான் கண்ணை இறுக்கி மூடி, வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு, கன்னம் நனைய இருக்கிறேன். உன் அம்மா அதை டொரன்டோவில் இருக்கும் தன் தங்கைக்கு அனுப்ப, அங்கிருந்து அது பாரிஸ் போய், ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் கொட்டாஞ்சேனைக்கே திரும்பி வந்துவிட்டது. மீன் வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் என்னை நிறுத்தி, "அங்கிள், உங்கட வீடியோ பாத்து வீட்டில எல்லாரும் அழுதிட்டம்" என்றாள். உன் சின்னம்மா போன் எடுத்து, "அத்தான், உங்களுக்குள்ள இப்பிடியொரு மனசு இருக்கெண்டு இவ்வளவு காலமும் தெரியேல்லையே" என்றாள். நானும் கூச்சமில்லாமல், "என்ன செய்யிறது, ஒரே பிள்ளை" என்று சொல்லி, அந்தப் பாராட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அது பாசத்தில் வந்த அழுகை இல்லை என்பது உனக்கும் எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். புதுச் சப்பாத்து வழுக்கி, விழாமல் இருக்க நீ என் வலது முழங்காலில் கையை ஊன்றினாய். அவ்வளவுதான் நடந்தது. அழுதது முழங்கால், பெயர் வாங்கினது நான். ஆனால் அந்த நேரத்துக்குப் பிறகு, மெல்பேர்னுக்குப் போகும்வரை, நீ என்னை ஒரு தரமாவது தொடவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் உன் முகத்தைக் கண்டதும் எனக்குப் பகிடி வந்துவிடும். நீயும் சிரிப்பாய். பிறகு நெட் இழுபட்டு, உன் வாய் திறந்தபடி நிற்க, நான் "மகன், ஈ பூந்திடும், மூடு" என்பேன். அத்தோடு கதை முடிந்துவிடும். பேனை பிடித்தால் இந்த மனுசன் கொஞ்சம் அடங்கி இருக்கும் என்று உன் அம்மாதான் தாள்களை எடுத்துத் தந்தாள். ஓ.எல். சோதனையில் கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்டவன் நான், தமிழிலும் சும்மா ஒப்புக்குத்தான் பாஸ். எழுத்தில் அங்கே இங்கே வழுக்கினால் பொறுத்துக்கொள். உனக்கு எழுதுகிறேன் என்றாலும் இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. முழங்கால் உள்ள எவரும் வாசிக்கலாம்.

நீ பிறக்கமுன்பே வெள்ளவத்தையில், காலி வீதிச் சேலைக்கடையில் சேர்ந்தவன் நான். கடை திறந்தது முதல் பூட்டும்வரை எங்களுக்குக் கதிரை கிடையாது. சேலை காட்டுகிறவன் குந்தியிருந்தால் வாங்க வந்தவர்களுக்கும் கால் உளையத் தொடங்கிவிடும் என்பது முதலாளியின் கொள்கை. கல்யாண வீட்டாருக்கு எப்போதும் மேல்தட்டில் இருப்பதுதான் பிடிக்கும், அதற்கு ஏணி. பாயில் விரித்துக் காட்டச் சொன்னால் முழந்தாள். சில பெண்களுக்குச் சேலை விழுகிற விதத்தைப் பார்க்க வேணும், அப்போது நானே தோளில் போட்டுக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உன் அம்மா வாழ்நாள் முழுக்க உடுத்த சேலைகளை விட நான் உடுத்துக் காட்டியவை அதிகம். கடையில் என் விரலுக்கு ஒரு பெயர் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தலைப்பைத் தடவினால், பட்டு எது, பட்டு மாதிரி நடிக்கிறது எது என்று சொல்லிவிடுவேன். முதலாளியே புதுக்கட்டு வந்தால் என்னைக் கூப்பிட்டுத்தான் தடவச் சொல்வார்.

அந்தத் திறமை இப்போது விரலை விட்டு இறங்கி முழங்காலுக்குப் போய்விட்டது, மகன். கட்டிலில் விரித்திருப்பது பருத்தியா பொலியெஸ்டரா என்று முழங்காலாலேயே சொல்லுவேன். பருத்தி என்றால் உரசுகிறது, பொலியெஸ்டர் என்றால் சுடுகிறது. காத்தாடிக் காற்றில், உடுத்திருக்கிற சாரத்தின் ஓரம் ஆடி முழங்காலில் பட்டால், யாரோ தீக்குச்சியைக் கிழித்து வைத்தது மாதிரி இருக்கும். முதலில் முழங்கால் மட்டும்தான் நொந்தது. பிறகு தொடைக்கு ஏறி, இடுப்பைப் பிடித்து, இப்போது சில நாட்களில் எங்கே தொட்டாலும் அங்கேயும் ஒரு முழங்கால் முளைத்தது மாதிரி. சந்திவரை நடந்துவிட்டு வந்தால் கால் மறுநாளும் நடந்துகொண்டே இருக்கும், நான் மட்டும்தான் கட்டிலில் கிடப்பேன். போர்வை பட்டால் நோகிறது, போர்வை இல்லாவிட்டால் காற்று நோகிறது. உன் அம்மா யோசித்துவிட்டு, குசினியில் இருந்த மரக்கறிக் கூடையைக் கொண்டுவந்து, கோழிக்குக் கவிழ்க்கிற மாதிரி என் முழங்காலுக்கு மேல் கவிழ்த்து, அதற்கு மேலே போர்வையை விரித்தாள். "இனிக் கொத்தாமல் படுங்கோ" என்றாள். அன்றுதான் நான் நன்றாக நித்திரை கொண்டேன். நீ வந்தபோது கட்டிலடியில் கூடையைக் கண்டு, "இதென்னம்மா இஞ்ச?" என்று கேட்டாய். அவள், "உங்கட அப்பா முட்டையிடுறவர்" என்றாள். நீ சிரித்தாய், நானும் கொக்கரித்துக் காட்டினேன். உண்மையைச் சொல்ல வந்த வாய்ப்பை அப்படித்தான் நான் ஒவ்வொரு முறையும் தொலைத்தேன்.

உன்னில் பிழை சொல்ல ஏலாது. எங்கள் குடும்பத்தில் முழங்கால் என்றால் ஜோர்ஜ் மாமாவின் முழங்கால்தான். உன் அம்மாவின் அண்ணனுக்கு எக்ஸ்ரே படத்தில் எலும்பும் எலும்பும் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் ஆள் செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடைக் கோயிலுக்கு நடந்து போய், முழந்தாளில் நின்று செபம் சொல்லிவிட்டு, வரும் வழியில் மீன் வைத்த மாலுப்பாணும் வாங்கிக்கொண்டு எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறி வருவார். என் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதென்ன மச்சான், புதுக்காலைப் படமெடுத்து வைச்சிருக்கிறாய்?" என்றார். நீயும் அந்தப் படத்தை மெல்பேர்னில் இருக்கும் உன் டொக்டர் சிநேகிதனுக்குக் காட்டிவிட்டுப் போன் எடுத்தாய்.

"மைல்ட் எண்டுதான் சொல்லுறான் அப்பா. கொஞ்சம் எழும்பி நடந்தீங்களெண்டால் சரியாயிடும்."

"மைல்ட் எண்டுறது தேத்தண்ணிக்குச் சொல்லுறதடா."

"பகிடி விடாதேங்கோ. கூட நோகுதெண்டால் ஒப்பரேஷனைச் செய்து முடிப்பம். இல்லாட்டி நடவுங்கோ. ரெண்டில ஒண்டு."

உனக்கு எல்லாம் இரண்டில் ஒன்று. நீ அப்படித்தான், சின்னனிலும் மாம்பழம் என்றால் முழுசாக வேணும், இல்லாவிட்டால் தொடமாட்டாய். எனக்கோ படத்தில் கொஞ்சமும், காலில் நிறையவும் இருந்தது. அந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. அதோடு, எப்போதும் பகிடி விடுகிறவன் ஒருநாள் "ஐயோ" என்றால், ஆட்கள் அடுத்த வரிக்குச் சிரிக்கக் காத்திருப்பார்கள். என் வாழ்நாள் முழுக்க நானே பழக்கி வைத்த ஆட்கள்தான் அவர்கள்.

கூறைச்சேலை எடுக்கப் போன நாளை நினைத்துப் பார். நான் நின்ற அதே கடை. உன் மணப்பெண் ஷாமினியும் அவளுடைய தாய் தகப்பனும் வந்திருந்தார்கள். பழைய ஆள் என்று எனக்குக் கதிரை போட்டார்கள். அந்தக் கடையில் நான் முதல்முறையாகக் குந்தியிருந்தது அன்றுதான், மகன். பெரிய மனுசனாகிவிட்டேன் என்று நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. புதிதாக வந்த பொடியன் சிவப்புப் பட்டு ஒன்றை எடுத்து, நாங்கள் செய்கிற மாதிரியே, ஒரு வீச்சில் விரித்தான். நல்ல வீச்சு. தலைப்பு பறந்து வந்து, சரிகை ஓரத்தால் என் முழங்காலை உரசிக்கொண்டு இறங்கியது. நான் கதிரையோடு துள்ளிவிட்டேன். என் வாயில் இருந்து வந்த சத்தம் எனக்கே புதுசு. பிறகு ஷாமினியின் தகப்பன் பெரிதாகச் சிரித்தார். "சம்பந்திக்குச் சேலையைக் கண்டவுடன பழைய ஞாபகம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. என் காதுக்குக் கிட்ட வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, இஞ்சயுமா? ப்ளீஸ், இண்டைக்கு மட்டும் நடிக்காதேங்கோ" என்றாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று, அந்தத் தலைப்பை எடுத்துத் தோளில் போட்டு, இடுப்பை ஒரு பக்கம் வளைத்துக் காட்டினேன். கடையே கைதட்டியது. நோவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் உன் முகத்தில் இருந்த வெட்கம் கொஞ்சம் குறைந்தது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் நோவு என்று நீ நினைத்ததை நானே நடித்து உறுதிப்படுத்திவிட்டேன். என்னைப் போல ஒரு மடையனை நீ தேடினாலும் கண்டுபிடிக்கமாட்டாய்.

அடுத்த கிழமை நீ மண்டபம், கேக், வான் என்று ஓடித்திரிந்தபோது, உன் அம்மா என்னைப் பிடித்து த்ரீவீலில் ஏற்றி ஒரு வாதநோய் டொக்டரிடம் கூட்டிப்போனாள். சின்னப் பிள்ளை மாதிரி ஒரு பெண். படத்தை ஒரு தரம்தான் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. முழங்காலில் மெல்லப் பஞ்சால் தொட்டா, துள்ளினேன். முழங்கையில் தொட்டா, அங்கேயும் துள்ளினேன். எவ்வளவு காலமாக நித்திரை இல்லை என்று கேட்டா. பிறகு சொன்னா: "ஐயா, படத்தில தேய்மானம் கொஞ்சம்தான். ஆனா கனகாலம் நொந்து நொந்து உங்கட நரம்பும் மூளையும் அதைப் பழகிட்டுது. இப்ப துணி பட்டாலும் அடி விழுந்த மாதிரித்தான் சொல்லும். உங்களுக்கு நோகிறது உண்மை. நீங்க நடிக்கேல்லை."

"டொக்டர், அந்தக் கடைசி வசனத்தை ஒருக்கா இவவுக்குக் கேக்கச் சொல்லுங்கோ" என்றேன்.

"எனக்கு முதலே தெரியும்" என்றாள் உன் அம்மா. "கூடை கவிழ்த்தது ஆர்?"

டொக்டர் சிரித்தா. முழங்கால் மூட்டை மாற்றினாலும் என்னை மாதிரி ஆட்களுக்கு நோ போகாமலே இருந்துவிடக் கூடும், அதனால் இப்போதைக்கு ஒப்பரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம் என்றா. நரம்பை அடக்க ஒரு குளிசை, நித்திரை, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நடை. "நோகுதெண்டால் உள்ளுக்க உடையுதெண்டு அர்த்தமில்லை, பயப்படாதேங்கோ" என்றா. நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் கடையில் முன்பு காவலுக்கு ஒரு வோச்சர் இருந்தான். நல்ல மனுசன், வாசலில் நின்று எல்லோருக்கும் கதவு திறந்துவிடுவான். ஒரு தரம் கடையில் களவு போய், முதலாளி அவனை ஏசிவிட்டார். அதற்குப் பிறகு அவனுக்கு எல்லோரும் கள்ளர். கைப்பையைத் திறந்தாலும் விசில், குடையை மடக்கினாலும் விசில். கடைசியில் முதலாளியின் மனுசி வந்தபோதும் விசில் அடித்துவிட்டான். என் முழங்காலில் நிற்பவனும் அவன்தான், மகன். கெட்டவன் இல்லை. கடையைக் காக்கத்தான் நிற்கிறான். ஆனால் யார் கள்ளன், யார் வீட்டுப்பிள்ளை என்று அவனுக்கு இப்போது தெரியவில்லை.

இதை உனக்குச் சொல்ல நினைத்தேன். உன் கையில் போன் இருந்தது, போனில் பூக்காரர் இருந்தார். பிறகு சொல்லலாம் என்று விட்டேன்.

அப்படியே கல்யாணக் காலை வந்துவிட்டது. உன் அம்மா சாட்டின் தலையணையைத் தரையில் போட்டாள். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில், ஏதோ பிஷப் மாதிரி இருந்தேன். நீ வந்தாய். என் தோளை விட உயரமாக எப்போது வளர்ந்தாய் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நீ கீழே போய்விட்டாய், சப்பாத்து வழுக்கியது, உன் முழுப் பாரமும் உன் கை வழியாக என் காலில் இறங்கியது. எனக்குக் கண்ணுக்குள் மின்னியது. கத்தவில்லை. கமரா நிற்கிறது, சுற்றிவர ஆட்கள் நிற்கிறார்கள் என்று பல்லைக் கடித்தேன். தண்ணீர் மட்டும் தன்பாட்டில் இறங்கியது. நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். இவ்வளவு கிட்ட என் முகத்தை நீ பார்த்துப் பல வருஷம். வீடியோவில் கேட்காது, வயலின் மூடிவிட்டது, ஆனால் நீ என்னிடம் மெல்லக் கேட்டாய்.

"அப்பா... உண்மையாவே நோகுதா?"

"ஓம், மகன்."

என் வாழ்க்கையில் பகிடி சேர்க்காமல் நான் சொன்ன மிகச் சின்னப் பதில் அதுதான். உன் முகத்தில் நிறம் மாறியதைக் கண்டேன். நம்பினாய். ஒரு நொடியில், முழுசாக நம்பினாய். சுடுசட்டியில் பட்டது மாதிரிக் கையை எடுத்தாய். "ஸொறி அப்பா, ஸொறி" என்றாய். நான் உன் நெற்றியில் சிலுவை போட்டேன். உன் அம்மா உன்னைக் கொஞ்சினாள். நீ எழுந்தபோது கதிரையைக்கூடப் பிடிக்காமல், என்னில் முட்டாமல், பின்பக்கமாக எழுந்தாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ கவனித்திருக்கமாட்டாய், நான் கவனித்தேன். எனக்கு வேறு வேலை இல்லையே. கோயிலில் உனக்கும் எனக்கும் இடையில் ஒரு செபப்புத்தகம் வைக்கிற அளவு இடம் விட்டு நின்றாய். போட்டோக்காரர், "மாப்பிள்ளை, அப்பாவுக்குக் கிட்ட வாங்கோ, இன்னும் கிட்ட" என்று கத்தினார். நீ தலையை மட்டும் சாய்த்தாய், உடம்பு அங்கேயே நின்றது. வீட்டில் நான் சோபாவில் இருந்தால் நீ எதிர்க் கதிரையில் இருந்தாய். தேத்தண்ணியை என் கையில் தராமல் ஸ்டூலில் வைத்தாய். ஷாமினி பாவம், ஓடிவந்து என் பக்கத்தில் இருக்கப் போனாள், நீ அவளுடைய கையைப் பிடித்து, "அப்பாவுக்கு நோகும், இஞ்சால வாரும்" என்றாய். அவளும் கவனமாகிவிட்டாள். உங்களில் ஒரு பிழையும் இல்லை. அவ்வளவு அன்பாகத்தான் தள்ளி நின்றீர்கள். எனக்குத்தான் விளங்கவில்லை, சிரிப்பதா, அழுவதா என்று. நீ என்னை நம்பாத காலத்தில் என் தோளில் தட்டினாய், என் பக்கத்தில் வந்து விழுந்து படுத்தாய், சோபாவில் என் மடியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போன் பார்த்தாய். நொந்தது, நான் கத்தினேன், நீ நடிக்கிறேன் என்று ஏசினாய். நம்பின நாளில் இருந்து எனக்கு ஒரு நோவும் தரவில்லை. என்னை நம்ப வேணும் என்று ஆசைப்பட்டேன், அது கிடைத்தது. கிடைத்த பிறகு அந்தப் பழைய ஏச்சை நினைத்து ஏங்குகிற மனுசன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

நீ சின்னப்பிள்ளையாக இருக்கும்போது, அம்மாவுக்குச் சனிக்கிழமை வேலை இருந்தால், உன்னையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். திரும்பி வரும் பஸ்ஸில் நீ என் மடியில் ஏறி, பம்பலப்பிட்டி தாண்டமுன்னமே நித்திரையாகிவிடுவாய். நாள் முழுக்க நின்ற கால் அது. உன் பாரத்தில் முதலில் விறைக்கும், பிறகு எறும்பு ஓடும், புறக்கோட்டை வரும்போது கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பக்கத்தில் இருந்த மனுசி ஒருத்தி, "புதா வெய்ட் நேத?" என்று கேட்டா, பிள்ளை பாரமில்லையா என்று. "நே, நே" என்றேன். உன்னை எழுப்பி மற்றப் பக்கம் மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. இறங்கும்போது மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டாஞ்சேனை வீதியில் குடிகாரன் மாதிரி நடப்பேன். அன்றைக்கு ஒன்றையும் உணராமல் மரத்துக் கிடந்த அதே கால்தான், இன்றைக்கு எல்லாவற்றையும் உணர்கிறது. அன்றைக்கு உன் பாரம் இருந்தது, உணர்ச்சி இருக்கவில்லை. இன்றைக்கு உணர்ச்சி மட்டும்தான் இருக்கிறது.

நீ புதிதாகக் குடும்பம் தொடங்கியிருக்கிறாய், தகப்பன் என்று நானும் ஏதாவது புத்தி சொல்ல வேணும். என்னிடம் இருப்பது முழங்கால் புத்தி மட்டும்தான், எடுத்துக்கொள். ஷாமினி ஒருநாள் தலையிடி என்பாள், இடுப்பு நாரி நோகுது என்பாள், ஒன்றுமே தெரியாத ஓர் இடத்தில் நோகுது என்பாள். படம் காட்டு என்று கேட்காதே. டொக்டர் சிநேகிதனைக் கேட்காதே. நம்பு. ஆனால் நம்பிவிட்டு என்னோடு செய்தது மாதிரித் தள்ளி நிற்காதே. எங்கே தொடலாம் என்று கேள். உன் அம்மா அப்படித்தான் செய்தாள். முதலில் அவளும் பயந்து தொடாமல்தான் இருந்தாள். கட்டிலில் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மரக்கறிக் கூடை ஒரு மூன்றாம் ஆள் மாதிரிக் கிடந்தது. ஒருநாள் அவள், "இஞ்ச பாருங்கோ, எங்க நோகாது?" என்று கேட்டாள். நான், "மூக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "பகிடியை விட்டிட்டுச் சொல்லுங்கோ" என்றாள். தேடிப் பார்த்தோம். மெல்லப் பூப்போலத் தடவினால்தான் கூடுதலாக நோகிறது என்று அன்று கண்டுபிடித்தோம். திடீரென்று பட்டாலும் நோகிறது. ஆனால் சொல்லிவிட்டு, உள்ளங்கையை முழுசாக, பாரமாக, மெதுவாக வைத்தால், அந்த வோச்சர் முதலில் விசில் அடிக்கப் பார்க்கிறான், பிறகு ஆளை அடையாளம் கண்டு அடங்கிவிடுகிறான். இப்போது அவள் படுக்கும்போது, "வைக்கப் போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் கையை வைப்பாள். வெளியில் கேட்பவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்களோ தெரியாது.

நடையும் நடக்கிறேன். காலையில் தேவாலயச் சந்திவரை, ஒவ்வொரு கிழமையும் ஒரு கடை தூரம் கூடுதலாக. த்ரீவீல்காரன் நிமல் வண்டியைக் கூடவே மெல்ல உருட்டிக்கொண்டு வந்து, "அங்கிள், நகின்ன, நகின்ன" என்று ஏறச் சொல்லிக் கெஞ்சுவான். இந்தக் கிழவன் நடக்கத் தொடங்கியதில் அவனுக்குத்தான் நட்டம். குளிசையால் நித்திரை கொஞ்சம் வருகிறது. நோ போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நோவுக்குப் பயப்படுவது குறைந்திருக்கிறது.

நீங்கள் புறப்பட்ட அந்தப் பின்னேரம், லிப்ட் வழமைபோலப் படுத்துவிட்டது. "நீங்க மேலேயே இருங்கோ, யன்னலால கை காட்டலாம்" என்று உன் அம்மா சொன்னாள். நான் கேட்கவில்லை. ஏறுவதை விட இறங்குவதுதான் எனக்குச் சித்திரவதை, ஜோர்ஜ் மாமாவுக்கும் அது தெரியும். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக இறங்கினேன். இரண்டாம் மாடியில் நின்று மூச்சு விட்டேன். முதலாம் மாடியில் அடுத்த வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைக்கவே மறந்துவிட்டது. ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் இறங்கினேன். நீ என்னைக் கட்டிப்பிடிப்பாய் என்று.

நீ பெட்டிகளை வானில் ஏற்றிவிட்டுத் திரும்பினாய். "ஏன் அப்பா இறங்கினீங்கள்? நோகுமே" என்றாய். அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாய், அவள் "விடடா, நாரி!" என்று கத்தினாள். ஷாமினியின் கண் நிறைந்திருந்தது. பிறகு நீ எனக்கு முன்னால் வந்து நின்றாய். உன் கை இரண்டும் கொஞ்சம் எழும்பின. அதைக் கண்டேன், மகன், நான் கண்டேன். எழும்பி, எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன. பிறகு என் சட்டைக் கையில் இல்லாத ஒரு நூலைப் பிடுங்கி எறிந்தாய். துணியை மட்டும் தொட்டாய், என்னில் படவில்லை. சேலைக்கடைக்காரனுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "மெல்பேர்னில நல்ல முழங்கால் மலிவா வந்தால் ஒரு சோடி போட்டு அனுப்பு" என்றேன். நீ சிரித்தாய். உன் முகம் லேசாகியது. சிரித்தபடியே வானில் ஏறினாய், சிரித்தபடியே கை காட்டினாய், வான் சந்தியில் திரும்பி மறைந்தது. பிறகு நான் அந்த மாடிப்படிகளை எல்லாம் திரும்ப ஏற வேண்டியிருந்தது. உன் அம்மா பின்னால் வந்தாள்.

உன்னிடம் சொல்ல ஒன்று இருந்தது. கல்யாணக் காலையில் நீ பதறிக் கையை எடுத்தபோது அது என் தொண்டைவரை வந்தது, கமராவைப் பார்த்து விழுங்கிவிட்டேன். வானுக்குப் பக்கத்தில் உன் கைகள் அந்தரத்தில் நின்றபோதும் அதேதான் வந்தது, பகிடியைப் போட்டு மூடிவிட்டேன். நோவில் வாய் கோணி, கண்ணால் தண்ணீர் ஓட, அந்த வீடியோவில் நான் சொல்லாமல் இருப்பது இவ்வளவுதான்:

நோகட்டும், மகன். கையை எடுக்காதே.